பெண் பிறந்தால் யார் குற்றம்?

நமது நாட்டில் ஒரு கெடுதி நேர்ந்துவிட்டால் அது எதனால் நேர்ந்தது என்று விசாரிப்பதற்கு முன்னால், அந்தப் பழியை யார் தலையில் போடலாம் என்று தேடுவதே வழக்கமாய் இருந்து வருகின்றது. மாடு செத்தால் புதிதாய் வந்த மருமகளின் கால்ராசி. புருஷன் செத்தால் பெண்ஜாதியின் ஜாதகம். பிள்ளை இல்லையென்றால் அவளுடைய முன்ஜென்மப் பாவம். இப்படியாக எந்தப் பழியும் சுற்றிச் சுற்றிக் கடைசியாய்ப் பெண் தலையிலேயே வந்து விடியும்படி நமது சாஸ்திரங்களும் சம்பிரதாயங்களும் வெகு ஜாக்கிரதையாக ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றன. ஆனாலும் இவைகளில் மாடு செத்தது, புருஷன் செத்தான் என்கின்ற ஒரு நஷ்டமாவது இருக்கின்றது. நஷ்டமே இல்லாத ஒரு காரியத்திற்கு நஷ்டம் என்று பெயர் வைத்து, அதற்கும் ஒரு பெண்ணையே குற்றவாளியாக்கி வைத்திருக்கின்ற அக்கிரமம் ஒன்று உண்டு. அதுதான் பெண் குழந்தை பிறந்தால் பெற்றவளைத் தூற்றுவது என்பதாகும்.

சமீபத்தில் நாம் அரியலூருக்குக் கிழக்கே, முந்திரிக் காடுகளை ஒட்டிய ஒரு கிராமத்திற்குப் போயிருந்தோம். நாம் தங்கிய வீட்டிற்கு எதிர்வீட்டில் ஒரு பெண்ணுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்து முப்பது நாள்கூட ஆகவில்லை. அந்தப் பெண் உள்ளே குழந்தையோடு இருக்க, அவள் காதில் விழும்படியாகவே மாமியார் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணும் பொட்டப் புள்ளையாப் பெத்துப் போட்டுட்டா. அவ வயித்து வாகு அப்படி. எம் மவனுக்கு என்ன கொறச்சல்? வேற ஒருத்தியக் கட்டி வச்சா வருஷம் திரும்பறதுக்குள்ள சிங்கமாட்டம் ஒரு ஆம்பளப் புள்ள பொறக்கும்."

அவருடைய மகனும் பக்கத்திலேயே நின்று, இந்தப் பேச்சுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். நாம் பொறுக்கமாட்டாமல், "அம்மா, பிறப்பது ஆணா பெண்ணா என்பது உங்கள் மருமகளால் ஏற்படுவதல்ல. உங்கள் மகன் கொடுப்பதைக் கொண்டுதான் ஏற்படுகின்றது" என்று சொன்னோம். அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

"நல்லாச் சொன்னீங்க தம்பி! புள்ளைய வயித்துல சொமக்கிறவ அவளா, எம் மவனா?"

இந்தக் கேள்விக்காக அந்த அம்மாளின்மீது நமக்குக் கோபமில்லை. அவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை. படித்தவர்களும், புராணப் பிரசங்கிகளும், ஜோசியர்களும் இன்றுவரை சொல்லி வந்ததெல்லாம் அவருடைய எண்ணத்தைக் கெட்டிப்படுத்துவதாகவே இருந்திருக்கின்றது. ஆகவே அந்தக் கேள்விக்கே இங்கு பதில் சொல்ல ஆசைப்படுகிறோம்.

உண்மையில் நடப்பது என்ன?

நமது சரீரம் கோடானுகோடி செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றறை. அதன் நடுவே ஓர் உட்கரு. அந்த உட்கருவுக்குள் நூல் துண்டுகளைப் போன்ற 46 குரோமோசோம்கள். இவைகள் 23 ஜோடிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் கொடுத்தது. மற்றொன்று தகப்பன் கொடுத்தது. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்பது தீர்மானமாய்த் தெரிந்ததே 1956-ம் வருஷத்தில்தான்.

இந்த நூல் துண்டு டி.என்.ஏ. என்கின்ற பொருளால் ஆனது. அது இரட்டை முறுக்குக் கயிறுபோல் இருக்கின்றது என்பதை 1953-ல் கண்டார்கள். நமது தமிழை எழுத 247 எழுத்து வேண்டியிருக்கின்றது. மனிதனை எழுத இயற்கைக்கு நாலே எழுத்துத்தான். அந்த நாலு எழுத்தையும் மாற்றி மாற்றி சுமார் 300 கோடி எழுத்துக்களில், தாய் ஒரு பிரதியும் தகப்பன் ஒரு பிரதியுமாக நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு வேலைக்கு உத்தரவாயிருக்கின்ற ஒரு பகுதிக்கு ஜீன் என்று பெயர். உடம்புக்கு வேண்டிய புரதங்களைச் செய்யச் சொல்லும் ஜீன்கள் சுமார் 20,000 இருக்கின்றன. கண்ணின் நிறம், தலைமயிரின் சுருள், இரத்தத்தின் வகை முதலியவைகள் தலைமுறைக்குத் தலைமுறை வருவது இவைகளின் வழியாகத்தான். பிரம்மா தலையில் எழுதுவதாகச் சொல்லும் எழுத்தை ஒருவரும் கண்டதில்லை. இந்த எழுத்தையோ எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

இனி ஆண் பெண் சங்கதிக்கு வருவோம். 23 ஜோடிகளில் 22 ஜோடிகள் இரு பாலார்க்கும் பொது. கடைசி ஜோடியில்தான் வித்தியாசம். பெண்ணுக்கு எக்ஸ் என்னும் குரோமோசோம் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்றும், ஒய் என்னும் சிறிய குரோமோசோம் ஒன்றும். கரு உண்டாகும்போது தாயும் தகப்பனும் ஒவ்வொரு ஜோடியிலும் பாதியைக் கொடுக்கிறார்கள். தாயிடம் இருப்பது இரண்டும் எக்ஸ். ஆகவே அவள் எதைக் கொடுத்தாலும் எக்ஸ்தான். தகப்பனுடைய விந்தணுக்களில் ஏறக்குறையப் பாதி எக்ஸைச் சுமப்பவை. பாதி ஒய்யைச் சுமப்பவை. எக்ஸைச் சுமந்தது முட்டையைச் சேர்ந்தால் பெண். ஒய்யைச் சுமந்தது சேர்ந்தால் ஆண். சங்கதி இவ்வளவுதான். தன்னிடம் இல்லாத ஒய்யை அந்த மருமகள் எங்கேயிருந்து கொண்டுவந்து கொடுப்பாள்?

இதைக் கண்டுபிடித்ததில் பெரும் பங்கு ஒரு பெண்மணியுடையது என்பதைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்பவர், பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாய் இருந்து பின்னால் படித்து ஆராய்ச்சிக்கு வந்தவர். 1905-ல் மாவில் உண்டாகும் ஒரு வண்டைச் சோதித்து, பெண் வண்டிடம் 20 பெரிய குரோமோசோம்களும், ஆண் வண்டிடம் 19 பெரியதும் ஒரு சிறியதும் இருப்பதையும், அந்தச் சிறியதைச் சுமந்த அணுவே ஆண் வண்டை உண்டாக்குகின்றது என்பதையும் எடுத்துக் காட்டினார். அதே வருஷத்தில் வில்சன் என்பவரும் தனியாக இதே மாதிரி முடிவுக்கு வந்தார். பிறகு 1990-ல், ஒய் குரோமோசோமில் ஆண்தன்மையைத் துவக்கி வைக்கின்ற ஜீன் இன்னதென்று லண்டனில் கண்டார்கள். 1991-ல் அதே ஜீனை, பெண்ணாய் வளர வேண்டிய எலிக் கருவில் புகுத்தியபோது அது ஆணாய் வளர்ந்தது. இதைவிட ருசு என்ன வேண்டும்?

மனுவின் வயல்

நிற்க, இந்த விஷயத்தில் நமது தர்ம சாஸ்திரம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். மனுஸ்மிருதியின் 9-வது அத்தியாயம் பெண் வயல் என்றும், ஆண் விதை என்றும், இரண்டில் விதையே மேலானது என்றும், எந்த விதை போட்டார்களோ அந்தப் பயிரே விளையும் என்றும் சொல்லுகின்றது. பிள்ளையின்மேல் தகப்பனுக்கு அதிகாரம் வேண்டுமென்று வருகின்றபோது இந்த நியாயம். ஆனால் அதே அத்தியாயம் 81-வது சுலோகத்தில், பெண்ணாகவே பெறுகின்றவளைப் பதினோராவது வருஷத்தில் தள்ளிவிட்டு வேறொருத்தியைக் கொள்ளலாம் என்று உத்தரவும் கொடுக்கின்றது.

பெரம்பலூரில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பயிரிடுகின்ற விவசாயியை நாம் கேட்கிறோம். ஐயா, நீர் உமது கையாலேயே பருத்தி விதையைப் போட்டுவிட்டு, ஏன் மக்காச்சோளம் விளையவில்லை என்று நிலத்தை உதைப்பீரா? உதைத்தால் ஊரார் உம்மை என்ன சொல்லுவார்கள்? அந்தப் பைத்தியக்காரத்தனத்தைத்தான் மனு தர்மம் என்கிறார். நாமும் வீட்டில் நடத்திக்கொண்டிருக்கிறோம். சாஸ்திரத்தை ஒப்புக்கொண்டே பார்த்தாலும் பழி வயலுக்கு வரவில்லையே!

ஆனால் அந்த வயல் உவமையே பொய் என்பதுதான் முக்கியமான சங்கதி. வயல் விதைக்குத் தண்ணீரும் உரமும் கொடுக்குமேயல்லாமல், விதைக்குள் இருக்கின்ற குணத்தில் பங்கு கொடுப்பதில்லை. தாயோ 23 குரோமோசோம் கொடுக்கின்றாள். தகப்பன் கொடுப்பதும் 23-தான். அதற்குமேல் மைட்டோகாண்டிரியா என்று செல்லுக்குச் சக்தி கொடுக்கின்ற உறுப்பு ஒன்று உண்டு. அதற்குத் தனியாகச் சிறிது டி.என்.ஏ. உண்டு. அது தாய் வழியாகத்தான் வருகின்றது. ஆகவே கணக்குப் பார்த்தால் தாய் கொடுத்தது அரைக்கு ஒரு பிடி கூடுதலே தவிரக் குறைவில்லை. பத்து மாதம் சுமந்ததற்கும், பால் கொடுத்ததற்கும், கண் விழித்ததற்கும் இதில் கணக்கில்லை. இப்படிப்பட்டவளை நிலம் என்று சொல்லி, நிலத்தைப் போலவே உழவும் விற்கவும் தரிசென்று தள்ளவும் ஏற்பாடு செய்தவர்களுடைய யோக்கியதையை வாசகர்களே யோசித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்த மூடத்தனம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. இங்கிலாந்தில் எட்டாவது ஹென்றி என்னும் ராஜா, ஆண் வாரிசு வேண்டுமென்று முதல் மனைவியைத் தள்ளினான். அதற்குப் போப்பு இடங்கொடாததால் மதத்தலைமையையே மாற்றினான். இரண்டாவது மனைவி பெற்றதும் பெண்ணாய்ப் போயிற்று. 1536-ல் வேறு குற்றம் சாட்டி அவள் தலையை வெட்டுவித்தான். மூன்றாவது மனைவியிடம் பிறந்த ஆண் பிள்ளை பட்டத்துக்கு வந்து 15 வயதிலேயே இறந்துபோனான். வேண்டாமென்றிருந்த அந்தப் பெண் குழந்தையான எலிசபெத்தோ 1558 முதல் 1603 வரை நாட்டை ஆண்டாள். ஒய்யைக் கொடுக்காதவன் ராஜா. கழுத்தைக் கொடுத்தவள் ராணி!

வம்சம் என்னும் புரட்டு

"அதெல்லாம் சரி, வம்சம் விளங்க ஆண் வேண்டாமா?" என்று கேட்பார்கள். புத் என்கின்ற நரகத்திலிருந்து தகப்பனைக் கரையேற்றுகிறவனாதலால் மகனுக்குப் புத்திரன் என்று பெயர் என்பதாக மனு சொல்லுகிறார். நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒருவருமில்லாததால் அதைப்பற்றி நாம் தர்க்கம் செய்யவில்லை. ஆனால் வம்சம் என்பது இந்த உலகத்துச் சங்கதி. அதைக் கணக்குப் பார்க்கலாம்.

ஒரு தகப்பன் மகனுக்குக் கொடுப்பது 23; மகளுக்குக் கொடுப்பதும் 23. அவைகளில் 22 ஒரே விதமானவைகள். கடைசி ஒன்றில் மகனுக்கு ஒய்யையும் மகளுக்கு எக்ஸையும் கொடுக்கின்றான். இந்த ஒய் சுமார் 6 கோடி எழுத்துக்கள் உள்ளது. அதிலுள்ள புரத ஜீன்கள் சுமார் நூறுதான். அவைகளிலும் பல ஒன்றின் நகல்கள். எக்ஸோ 15 கோடி எழுத்துக்களுக்கு மேற்பட்டது. அதில் 800-க்கு மேற்பட்ட ஜீன்கள் இருக்கின்றன. ஆகவே எழுத்தெண்ணிப் பார்த்தால் தகப்பனிடமிருந்து அதிகம் பெறுகிறவள் மகளேயல்லாமல் மகனல்ல.

இன்னும் ஒரு உதாரணம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு என்று ஒரு குறை உண்டு. அதற்குக் காரணமான ஜீன் எக்ஸில் இருக்கின்றது. ஒரு தாத்தாவுக்கு இந்தக் குறை இருந்தால், அது மகள் வயிற்றுப் பேரனுக்குப் போய்ச் சேரலாம். மகன் வயிற்றுப் பேரனுக்கு அந்தத் தாத்தாவிடமிருந்து ஒருபோதும் போய்ச் சேராது. ஏனெனில் அவர் மகனுக்குக் கொடுத்தது ஒய். அதில் அந்த ஜீன் கிடையாது. வம்சம் மகன் வழியாகத்தான் போகின்றது என்றால், தாத்தாவின் குறை எப்படி வேலி தாண்டி மகள் வழியாகப் போயிற்று? குறை போகின்ற வழியில் குணமும் போகாதா?

தாயத்தின் கணக்கு

இனி, ஆண் பிள்ளை பிறக்கச் செய்கிறோம் என்று பிழைக்கின்ற கூட்டத்தைப் பார்ப்போம். இரட்டைப்படை இரவில் கூடினால் ஆண், ஒற்றைப்படை இரவில் கூடினால் பெண் என்று மனுவே ஒரு வழி சொல்லியிருக்கிறார். அதற்குமேல் புத்திர காமேஷ்டி, தாயத்து, நேர்த்திக்கடன், வேர், சூரணம், ஜாதகப் பரிகாரம் என்று எத்தனையோ இருக்கின்றன. இவைகளில் பலித்தது உண்டா என்றால், உண்டு, தாராளமாய் உண்டு. எப்படியென்றால், நூறு கர்ப்பிணிகளுக்கு ஒருவன் தாயத்துக் கட்டுவானேயானால், ஏறக்குறைய 51 பேருக்கு ஆண் பிறக்கும். கட்டாவிட்டாலும் அத்தனை பேருக்குத்தான் பிறக்கும். அந்த 51 குடும்பங்களும் தேங்காய் பழத்தோடு வந்து அவன் புகழைப் பாடும். மீதி 49 குடும்பங்களும் நம்முடைய பக்தியில்தான் குறை என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும். சரிபாதி தப்பினாலும் நஷ்டமில்லாத வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான்.

அடுத்ததாவது ஆண் பிறக்கும் என்று நம்புவதும் இதே மாதிரியான கணக்குத் தெரியாத்தனமேயாகும். மூன்று பெண் பிறந்துவிட்டதால் நாலாவது ஆண் பிறக்க வேண்டும் என்று விந்தணுவுக்குக் கட்டளை ஒன்றும் இல்லை. அதற்கு முன்பிறந்தவர்களின் ஞாபகமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான். மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் சுமார் எட்டில் ஒன்றுக்கு மூன்றும் பெண்ணாகவே இருப்பது இயற்கை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆணுக்காகக் காத்திருந்து, பெண்ணாய்ப் பிறந்த குழந்தைக்குப் "போதும்பொண்ணு" என்று பெயர் வைக்கின்ற வழக்கமும் நமது நாட்டில் இருக்கின்றது. ஒரு மனித ஜீவனைப் பெயர் சொல்லி அழைக்கின்றபோதெல்லாம், நீ வேண்டாதவள் என்று சொல்லிக்கொண்டே ஆயுள் முழுவதும் அழைப்பதற்குப் பெயர் பாசமாம்!

கருவி வேண்டும், அறிவு வேண்டாம்!

இதுவரை சொன்னது வெறும் அறியாமை. இனிச் சொல்லப்போவது கொலை.

2011-ம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி, அரியலூர் மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,015 பெண்கள் இருந்தார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் 1,003. இதை மாத்திரம் பார்த்தால் பெண்களுக்கு யாதொரு குறையும் இல்லாத சீமை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளின் கணக்கைப் பாருங்கள். 1,000 ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் 897 பெண் குழந்தைகள், பெரம்பலூரில் 913. தமிழ்நாடு முழுவதுக்கும் 943. பாட்டிமார் அதிகம், பேத்திமார் குறைவு.

இயற்கையில் 100 பெண்களுக்குச் சுமார் 105 ஆண்கள் வீதம் பிறக்கின்றார்கள். அதாவது 1,000 ஆணுக்குச் சுமார் 950 பெண். ஒய்யைச் சுமந்த அணு மற்ற ஊர்களில் ஒரு மாதிரியும் அரியலூரில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளாது. அப்படியானால் 1,000-க்கு 50 வீதம் குறைகின்ற அந்தப் பெண் குழந்தைகள் எங்கே? குரோமோசோம் கொடுத்தது, குடும்பம் பறித்துக்கொண்டது. பெண் சிசுக்களைக் காப்பாற்றுவதற்காக 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011-ல் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் விஸ்தரிக்க வேண்டியிருந்தது என்பதே இந்தச் சீமையின் நிலைமைக்குச் சாட்சியாகும்.

இவ்வளவும் எதைக்கொண்டு நடக்கின்றது? வயிற்றிலிருக்கின்ற சிசுவைப் பார்க்கின்ற ஸ்கேன் கருவியைக்கொண்டு நடக்கின்றது. கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994-ல் சட்டம் செய்தார்கள். அது 1996 முதல் அமுலில் இருக்கின்றது. கேட்பவர்க்கும் சொல்பவர்க்கும் மூன்று வருஷம்வரை சிறைத் தண்டனை உண்டு. கர்ப்பிணிப் பெண் புருஷனுடையவோ உறவினருடையவோ நிர்ப்பந்தத்தால்தான் இதற்கு உட்பட்டாள் என்றே, வேறு விதமாய் ருசுவாகிறவரையில், கோர்ட்டு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கின்றது. சட்டம் செய்தவர்களுக்கும் வீட்டுக்குள் நடக்கின்ற சங்கதி தெரிந்துதான் இருக்கின்றது! அப்படியிருந்தும் 2022-ல் தர்மபுரிப் பக்கத்தில் திருட்டுத்தனமாய் ஸ்கேன் செய்த கூட்டம் பிடிபட்டது.

இதில் நமக்கு ஏற்படுகின்ற ஆச்சரியம் என்னவென்றால், விஞ்ஞானம் செய்து கொடுத்த கருவி வேண்டும். அதே விஞ்ஞானம் சொல்லுகின்ற அறிவு மாத்திரம் வேண்டாம் என்பதுதான். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லில் கடல் சிப்பியும் சங்கும் கிடைப்பதைக்கொண்டு, இந்தப் பூமி பல கோடி வருஷங்களுக்கு முன் கடலாயிருந்தது என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொன்னார்கள், ஒப்புக்கொண்டோம். அந்தக் கல்லை வெட்டிச் சிமெண்டு செய்து வீடும் கட்டிக்கொண்டோம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-ல் கண்ட கல்மரத்தை வெளியூராருக்குப் பெருமையாய்க் காட்டுகிறோம். பல கோடி வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லும்போது நம்புகின்ற நாம், நமது வீட்டிற்குள் ஒன்பது மாதத்திற்கு முன் நடந்ததைச் சொல்லும்போது மாத்திரம் "வயித்து வாகு" என்று சொல்லுவது எந்த வகை நாணயம்?

பழியை இடம் மாற்றுகிறோமா?

இவ்வளவையும் படித்துவிட்டுச் சிலர், "அப்படியானால் இனிமேல் ஆண்களைத் திட்டச் சொல்லுகிறீர்களா?" என்று கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. எந்த அணு முந்திப் போய்ச் சேர வேண்டும் என்பதை எந்தத் தகப்பனும் உத்தரவு போட்டு நடத்துவதில்லை. அது அவன் மனதிற்கும் தெரியாது. அவன் குலதெய்வத்திற்கும் தெரியாது. ஆகவே அவனும் குற்றவாளி அல்ல. இன்னும் சொல்லப்போனால், குற்றவாளி யார் என்று தேடுவதே குற்றமாகும். பெண் பிறந்தது என்பது திருட்டா, கொலையா, குற்றவாளியைத் தேடுவதற்கு? ஆண் பிறந்தால் "யார் செய்த வேலை இது?" என்று எவராவது விசாரணை நடத்துகிறார்களா? மருமகளை விடுதலை செய்து மகனைக் கூண்டில் ஏற்றுவதல்ல நமது வேலை. வழக்கையே தள்ளுபடி செய்ய வேண்டும் என்பதுதான் நமது வேலை.

அப்படியானால் மக்கள் ஏன் பெண்ணை வேண்டாம் என்கிறார்கள்? குரோமோசோமில் அதற்குக் காரணம் இல்லை. கல்யாணச் சந்தையிலும் சொத்துப் பத்திரத்திலும்தான் இருக்கின்றது. பெண்ணென்றால் வரதட்சணை, நகை, சீர். ஆணென்றால் வரவு, கொள்ளி, பாத்தியதை. வெங்காயம் நடுவதும், பருத்தி எடுப்பதும், முந்திரி பொறுக்குவதும், மாட்டைப் பார்ப்பதும் பெண். ஆனால் குடும்பத்திற்குச் சம்பாதித்துப் போடுகிறவன் மாத்திரம் ஆணாம்! 1929-ல் செங்கல்பட்டு மகாநாட்டிலேயே பெண்களுக்கு ஆண்களைப்போல் சரிசமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 வருஷம் பிடித்தது. 1989-ல்தான் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு வந்தது. இந்தியா முழுமைக்கும் வர 2005 ஆயிற்று. வரதட்சணையைத் தடுக்க 1961 முதல் சட்டம் இருக்கின்றது. சட்டப் புத்தகத்தில் எல்லாம் வந்தாகிவிட்டது. திண்ணைக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

நாம் புறப்படுகின்ற அன்று மறுபடியும் அந்த அம்மாளைப் பார்த்து ஒரு சங்கதி சொல்லிவிட்டு வந்தோம். "அம்மா, உங்கள் மகனிடம் இருக்கின்ற எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்று. அது அவருக்கு நீங்கள் கொடுத்தது. அவருடைய அப்பா கொடுத்ததல்ல. உங்கள் மகன் ஒரு ஆண் பிள்ளையைப் பெற்றிருந்தால் அந்தக் குரோமோசோமைக் கொடுத்திருக்க முடியாது. தம் அப்பாவுடைய ஒய்யைத்தான் கொடுத்திருப்பார். நீங்கள் கொடுத்தது அப்படியே இந்த மூன்று பேத்திகளிடமும்தான் போய்ச் சேர்ந்திருக்கின்றது."

அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ இதுங்க என்னோடதா?" என்று கேட்டார்.

ஆம், அவருடையவைகள்தான். பெண் குழந்தையைத் தூற்றுகின்ற ஒவ்வொரு பாட்டியும் தன்னையேதான் தூற்றிக்கொள்ளுகிறாள். கருவிலேயே அதை அழிக்கச் சொல்லுகின்ற ஒவ்வொரு தகப்பனும் தன் தாய் தனக்குக் கொடுத்ததைத்தான் அழிக்கச் சொல்லுகிறான். பெரம்பலூர், அரியலூர்த் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வதெல்லாம், இந்தச் சங்கதியைத் திண்ணைதோறும் கொண்டுபோய்ச் சொல்லுங்கள் என்பதுதான். பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கின்ற பிள்ளை எக்ஸ், ஒய் என்று எழுதி மார்க்கு வாங்குவதில் பிரயோஜனமில்லை. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து தன் பாட்டியிடம் அதைச் சொன்னால்தான் பிரயோஜனம். பெண் பிறந்த வீட்டில் "யார் குற்றம்?" என்கின்ற கேள்வி நின்று, "யாருடைய சாயல்?" என்கின்ற கேள்வி என்றைக்குப் பிறக்கின்றதோ, அன்றைக்குத்தான் நாம் குரோமோசோமைப் பற்றிக் கொஞ்சமாவது படித்தவர்களாவோம்.